வெளிவராத காமிக்ஸுக்கு வாசகர்கள் வந்த வழி

சென்டினல்ஸ் ஆஃப் தி மல்டிவர்ஸ் என்ற சூப்பர் ஹீரோ சீட்டாட்டத்தை விரும்பி ஆடுகிறவர்களிடம், அதை முதன்முதலில் எங்கே கண்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கடையின் பெயரோ விளம்பரமோ பதிலாக வருவது குறைவு. யார் வீட்டு மேசை, அன்று தம் கைக்கு வந்த ஹீரோ யார், எதிரே இருந்த வில்லன் யார், கடைசிச் சுற்றில் நிலா பூமியின்மேல் விழுந்ததா இல்லையா என்றுதான் அவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். ஒரு பொருளை வாங்கியதை நினைவுகூரும் பேச்சாக அது இருக்காது; ஒரு தெருவுக்குக் குடிவந்த நாளைச் சொல்வதுபோல் இருக்கும். இந்த ஆட்டம் தன் ரசிகர்களை அடைந்த விதத்துக்கும் அதன் உள்ளமைப்புக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பது என் கருத்து. அந்த உறவை விளக்குவதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் இந்த ஆட்டத்துக்கு இருந்த பெரிய குறையைச் சொல்லிவிட வேண்டும். சூப்பர் ஹீரோ சீட்டாட்டங்கள் அதற்கு முன்பே பல வந்திருந்தன. 1993இல் ரிச்சர்டு கார்ஃபீல்டின் மேஜிக் ஆட்டம் வெளிவந்து, உறைகளில் அடைத்த சீட்டுகளை வாங்கிச் சேர்த்துத் தனக்கென ஒரு கட்டை அமைத்துக்கொள்ளும் பழக்கத்தை உருவாக்கிய பிறகு, காமிக்ஸ் நிறுவனங்களின் பாத்திரங்களும் அதே வழியில் சீட்டுகளுக்கு வந்தார்கள். ஃப்ளீர் நிறுவனம் 1995இல் மார்வெல் பாத்திரங்களை வைத்து ஓவர்பவர் என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. அப்பர் டெக் நிறுவனம் 2004இல் விஎஸ் சிஸ்டம் என்ற ஆட்டத்தைத் தொடங்கி, மார்வெல், டிசி என்ற இரு பெரும் பதிப்பகங்களின் நாயகர்களையும் ஒரே விதிமுறைக்குள் மோதவிட்டது. இந்த ஆட்டங்களைத் தேடி வந்தவர்கள் எவரும் ஆட்டத்தைத் தேடி வந்தவர்கள் அல்லர். அவர்கள் ஸ்பைடர்மேனையும் பேட்மேனையும் தேடி வந்தார்கள். கடையில் உறையின்மேல் அறிந்த முகம் இருந்தது, அதனால் கையில் எடுத்தார்கள்.

சென்டினல்ஸ் பெட்டியின்மேல் அறிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரில் கிறிஸ்டோபர் படெல், ஆடம் ரெபொட்டாரோ, பால் பெண்டர் ஆகிய மூவர் சேர்ந்து கிரேட்டர் தேன் கேம்ஸ் என்ற சிறு நிறுவனத்தை அமைத்து, 2011இல் வெளியிட்ட முதல் ஆட்டம் அது. ஓவியங்கள் ரெபொட்டாரோவுடையவை. லெகசி, ரெய்த், பங்கர், டாக்கியான், அப்சல்யூட் ஸீரோ, ரா, ஹாகா, ஃபனாட்டிக், டெம்பெஸ்ட், விஷனரி என்று பத்து ஹீரோக்கள் அந்த முதல் பெட்டியில் இருந்தார்கள். பாரன் பிளேட், சிட்டிசன் டான், கிராண்ட் வார்லார்டு வாஸ், ஆம்னிட்ரான் என்று நான்கு வில்லன்கள். சண்டை நடக்கும் களங்களும் நான்கு. இந்தப் பெயர்களில் எதையும் உலகில் எவரும் அதற்கு முன் கேட்டிருக்கவில்லை. திரைப்படமோ தொலைக்காட்சித் தொடரோ காமிக்ஸ் புத்தகமோ அவர்களுக்கு முன்னோடியாக வந்ததில்லை. அப்படிப்பட்ட பெட்டியைக் கடை அலமாரியில் கண்டு தானாகக் கையில் எடுப்பவர் அரிது. யாராவது ஒருவர் அழைத்து உட்காரவைத்து ஆடிக் காட்டியாக வேண்டும்.

அப்படி உட்காரவைப்பதற்கு ஏற்ற இடம் ஜென் கான். ஆண்டுதோறும் கோடையில் இண்டியானாபொலிஸ் நகரின் மாநாட்டு மண்டபத்தில் நான்கு நாள் நடக்கும் இந்த விழாவுக்கு மேசை விளையாட்டுகளில் ஈடுபாடு உள்ளவர்கள் பல்லாயிரக்கணக்கில் வருகிறார்கள். பெரிய நிறுவனங்களின் அகலமான அரங்குகளுக்கு நடுவே, ஒரே ஒரு ஆட்டத்தை மட்டும் கொண்டுவந்த சிறு நிறுவனங்கள் இரண்டு மூன்று மேசைகளைப் போட்டு, நடந்துபோகிறவர்களை அழைத்து ஆடிக் காட்டுவது அங்கே வழக்கம். 2011 ஆகஸ்டில் சென்டினல்ஸ் மக்கள் முன் வந்தது இந்த விழாவில்தான். ஆட்டத்தை உருவாக்கியவர்களே எதிரில் நின்று விதிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். முதல் தலைமுறை ரசிகர்கள் பலருக்கு ஆட்டமும் அதைப் படைத்தவர்களும் ஒரே நாளில் அறிமுகமானார்கள். பிற்காலத்தில் அந்த ரசிகர்கள் காட்டிய விசுவாசத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

விழாவில் ஒருவரை நிறுத்தி உட்காரவைப்பது எளிது. அரைமணி நேரத்தில் அவருக்கு ஆட்டம் பிடிக்கும்படி செய்வது கடினம். இங்கேதான் ஆட்டத்தின் அமைப்பு துணைக்கு வருகிறது.

ஒவ்வொரு ஹீரோவுக்கும் 40 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டு உண்டு. வில்லனுக்கு 25, களத்துக்கு 15. இந்தக் கட்டுகள் அனைத்தும் நிறுவனமே அமைத்துக் கொடுத்தவை. ஆடுகிறவர் எதையும் தேர்ந்து சேர்க்க வேண்டியதில்லை, உறைகளை வாங்கி அரிய சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. மூன்று முதல் ஐந்து ஹீரோக்கள் ஓரணியில் நின்று ஒரு வில்லனை எதிர்க்கிறார்கள். வில்லனின் கட்டை எவரும் கையில் பிடிப்பதில்லை. அவன் முறை வரும்போது மேல்சீட்டைத் திருப்பி, அதில் எழுதியிருப்பதைச் செய்தால் போதும். பிறகு ஹீரோக்கள் வரிசையாகத் தம் முறையை ஆடுகிறார்கள். ஒரு சீட்டை இறக்கலாம், ஓர் ஆற்றலைப் பயன்படுத்தலாம், ஒரு சீட்டை எடுத்துக்கொள்ளலாம். சீட்டும் இறக்காமல் ஆற்றலும் பயன்படுத்தாமல் இருந்தால் இரண்டு சீட்டு எடுக்கலாம். அதன்பின் களத்தின் முறை. புதியவர் கற்க வேண்டிய அடிப்படை விதி ஏறக்குறைய இவ்வளவுதான். மீதியெல்லாம் சீட்டுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

முதல் பெட்டியிலேயே இதனால் கிடைக்கும் பெருக்கத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்து ஹீரோக்களிலிருந்து மூவர், நால்வர், ஐவர் கொண்ட அணிகளை 582 விதமாக அமைக்க முடியும். அவற்றை நான்கு வில்லன்களோடும் நான்கு களங்களோடும் பொருத்தினால் 9,312 வெவ்வேறு மோதல்கள் வருகின்றன. மறுவாரமும் அதே மேசைக்கு வந்தவருக்குப் புதிய கதை கிடைத்தது இந்தக் கணக்கினால்தான்.

முதல் ஆட்டம் எப்படி இருக்கும் என்பதை அருகில் சென்று பார்த்தால் மேற்சொன்னது விளங்கும். புதியவர்களுக்கு வழக்கமாக முதலில் வைக்கும் வில்லன் பாரன் பிளேட். சினம் கொண்ட விஞ்ஞானியான அவன் நிலாவைப் பூமியின்மேல் இழுத்துவிடும் கருவி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறான். அவனுக்கு 40 உயிர்ப்புள்ளிகள்; அடி விழ விழ அவை குறையும். ஆட்டம் தொடங்கும்போதே அவனுடைய நகரும் பாதுகாப்பு மேடை களத்தில் நிற்கிறது. 10 புள்ளிகள் கொண்ட அந்த மேடை உடையும் வரை அவனுக்கு எந்த அடியும் படாது. அவனுடைய கழித்த சீட்டுகளின் குவியல் 15ஐத் தொட்டுவிட்டால் நிலா விழுந்துவிடும், அனைவரும் தோற்றுப்போவார்கள்.

மேசையைச் சுற்றி நால்வர் இருப்பதாகக் கொள்வோம். புதிதாக வந்தவரிடம் ராவின் கட்டைக் கொடுத்திருக்கிறார்கள். எகிப்திய சூரியக் கடவுளின் ஆற்றலைப் பெற்ற அந்த ஹீரோவின் அடிப்படை ஆற்றல் எளிமையானது. ஓர் இலக்கின்மேல் 2 புள்ளி நெருப்புச் சேதம். தன் முறை வந்ததும் அவர் அந்த மேடையைச் சுட்டிக்காட்டி, ‘இதன்மேல் இரண்டு’ என்கிறார். பக்கத்தில் லெகசியை ஆடுகிறவர் உடனே, ‘இரண்டல்ல, மூன்று’ என்று திருத்துகிறார். லெகசி தன் முறையில் பயன்படுத்திய ஆற்றல், அடுத்த சுற்று வரை எல்லா ஹீரோக்களின் அடியையும் ஒவ்வொரு புள்ளி கூட்டுகிறது. புதியவர் அப்போதுதான் லெகசி தன் முறையில் எவரையும் அடிக்காமல் என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொள்கிறார். தான் செய்த சிறு காரியம் இன்னொருவர் முன்பே செய்து வைத்த காரியத்தால் பெரிதானது என்று தெரியும் அந்தக் கணத்தில், அவருடைய கண் தன் கையிலுள்ள சீட்டுகளை விட்டு மேசை முழுவதையும் பார்க்கத் தொடங்குகிறது. நான் கண்டவரையில், இந்த ஆட்டம் ஒருவரைப் பிடித்துக்கொள்ளும் இடம் இதுவே.

பிறகு மேடை உடைகிறது, பாரன் பிளேட்டின்மேல் அடி விழத் தொடங்குகிறது. நகரத்தையே களமாக வைத்திருந்தால் நடுவில் மோனோரயில் ஒன்று பாலத்திலிருந்து விழப்போகிறது. அதைக் கவனிப்பதா வில்லனை அடிப்பதா என்று நால்வரும் வாதிடுகிறார்கள். எப்படியோ 40 புள்ளிகளும் தீர்ந்து, வென்றுவிட்டோம் என்று புதியவர் கையை உயர்த்தும்போது, ஆட்டத்தை அறிந்தவர் அமைதியாக வில்லனின் சீட்டைத் திருப்பிப் போடுகிறார். மறுபக்கத்தில் அதே பாரன் பிளேட் கவசம் அணிந்து 30 புள்ளிகளோடு எழுந்து நிற்கிறான். காமிக்ஸ் படித்து வளர்ந்த எவருக்கும் இந்தத் திருப்பம் பழக்கமானது. ஆனால் படித்து அறிவதற்கும், தன் கையில் மூன்று சீட்டுகளும் உடம்பில் ஏழு புள்ளிகளும் மட்டும் மீந்திருக்கும் நேரத்தில் அதை எதிர்கொள்வதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

அந்த ஏழு புள்ளியும் போய்விட்டால்கூட அவர் மேசையை விட்டு எழ வேண்டியதில்லை. வீழ்ந்த ஹீரோவின் சீட்டும் திருப்பப்படுகிறது. மறுபக்கத்தில் அவர் தன் முறை வரும்போதெல்லாம் மற்றவர்களுக்குச் செய்யக்கூடிய சிறு உதவிகள் மூன்று எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, இன்னொருவர் கூடுதலாக ஒரு சீட்டு இறக்கவோ ஓர் ஆற்றலைப் பயன்படுத்தவோ அவர் வழிசெய்யலாம். முதல்முறை ஆடுகிறவர்தான் பெரும்பாலும் முதலில் வீழ்வார் என்பதால், இந்த விதி புதியவர்களைக் காப்பதற்கென்றே எழுதப்பட்டதுபோல் எனக்குத் தோன்றும். எதிரெதிராக மோதும் ஆட்டத்தில் தெரிந்தவர் தெரியாதவரை வென்றுதான் கற்பிக்க முடியும். அந்தத் தோல்வியோடு சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். இங்கே தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே பக்கம். ஒரு பெட்டியை வாங்கியவர் தன் நண்பர்கள் நால்வரை உட்காரவைக்கத் தயங்க வேண்டியதில்லை. அவர்களிடம் சீட்டும் இருக்க வேண்டியதில்லை, அனுபவமும் இருக்க வேண்டியதில்லை. ஒரு பெட்டி விற்றால் ஐந்து பேர் ஆட்டத்தை அறிவார்கள் என்ற கணக்கு, விளம்பரத்துக்குப் பணமில்லாத ஒரு சிறு நிறுவனத்துக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை.

கூட்டாக ஆடும் ஆட்டங்களுக்கு அந்த ஆண்டுகளில் ஒரு காலம் கனிந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேட் லீகாக்கின் பாண்டெமிக் 2008இல் வந்து, எல்லோரும் ஓரணியில் நின்று ஆட்டத்தையே எதிர்க்கலாம் என்பதைப் பல குடும்பங்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. சென்டினல்ஸ் வந்த அதே 2011இல் ஃபேண்டஸி ஃப்ளைட் நிறுவனத்தின் லார்டு ஆஃப் தி ரிங்ஸ் சீட்டாட்டமும் கூட்டாட்டமாகவே வெளிவந்தது.

ஜென் கானுக்கு அடுத்து இரண்டாவது வழி கிக்ஸ்டார்ட்டர். ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பே விருப்பமுள்ளவர்களிடம் பணம் திரட்டும் இந்தத் தளம் 2009இல்தான் தொடங்கியிருந்தது. மேசை விளையாட்டுகள் அங்கே பெருகத் தொடங்கிய காலமும், சென்டினல்ஸின் விரிவாக்கங்கள், அதாவது முதல் பெட்டியோடு சேர்த்து ஆடும் கூடுதல் சீட்டுப் பெட்டிகள், வந்த காலமும் ஒன்றாக அமைந்தன. ரூக் சிட்டி, இன்ஃபெர்னல் ரெலிக்ஸ் ஆகிய விரிவாக்கப் பெட்டிகள் 2012இல் வந்தன. அதே ஆண்டில் முதல் பெட்டியின் மேம்படுத்திய பதிப்பும் வந்தது. 2016இல் பணம் திரட்டிய ஒப்லிவேயான் பெட்டிதான் அந்த வரிசையின் நிறைவு. மற்ற ஆட்டங்களைத் தேடி அந்தத் தளத்தில் உலவியவர்கள் பலர் ஐந்தாவது ஆறாவது விரிவாக்கத்தின் பக்கத்தைக் கண்டு, இத்தனை பேர் இத்தனை ஆண்டுகளாகப் பின்தொடரும் இந்த ஹீரோக்கள் யார் என்று விசாரித்து உள்ளே வந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு பெட்டி அல்ல. பல ஆண்டுகளின் பெட்டிகள் ஒன்றாக.

இப்படி நடுவழியில் ஏறுவது சூப்பர் ஹீரோ கதைகளின் இயல்புக்கு மிகவும் பொருந்தும். காமிக்ஸ் இதழ்களை எவரும் முதல் இதழிலிருந்து படிப்பதில்லை. கையில் கிடைத்த 137ஆம் இதழில் தொடங்கி, அதில் குறிப்பிடப்படும் பழைய சண்டைகளை ஊகித்து, பிறகு பழைய இதழ்களைத் தேடிப் போவதுதான் வழக்கம். படெலும் ரெபொட்டாரோவும் இதை நன்கு அறிந்து, தங்கள் சீட்டுகளில் அதைச் செய்து வைத்தார்கள். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் யாரோ ஒரு பாத்திரம் பேசும் ஒரு வரி இருக்கும். அதன் கீழ், அந்த வரி எந்தக் காமிக்ஸின் எத்தனையாம் இதழில் வந்தது என்ற குறிப்பும் இருக்கும். அந்த இதழ்கள் இல்லை. சென்டினல் காமிக்ஸ் என்ற பதிப்பகமே கற்பனை. பல பத்தாண்டுகளாக வெளிவந்துகொண்டிருப்பதாகச் சொல்லப்படும் அந்த இதழ்களின் துண்டுகள் மட்டுமே சீட்டுகளில் சிதறிக் கிடக்கின்றன.

இதன் விளைவு வியப்பானது. முதல்முறை ஆடுகிறவர், தான் ஒரு பழைய உலகத்துக்குள் தாமதமாக வந்துவிட்டதாக உணர்கிறார். லெகசி என்ற பெயர் ஒரு பரம்பரையைக் குறிக்கிறது என்று ஒரு சீட்டிலிருந்து தெரிகிறது. தலைமுறைக்குத் தலைமுறை தலைப்பிள்ளைக்கு ஆற்றல்கள் இறங்கிவந்து, ஒவ்வொருவரிடமும் புதிதாக ஒன்று சேர்கிறது. அவருக்கும் பாரன் பிளேட்டுக்கும் உள்ள பகை அவர்கள் தந்தையர் காலத்தது என்பது வேறு சீட்டுகளைச் சேர்த்துப் படித்தால் விளங்குகிறது. எந்த ஒரு சீட்டும் முழுக்கதையையும் சொல்வதில்லை. ஐந்து பேர் ஆடும்போது ஒருவர் கையில் கேள்வி இருக்கும், இன்னொருவர் கையில் விடை இருக்கும். ஆட்டம் முடிந்தபின் சீட்டுகளை அடுக்குகிறவர்கள் அவற்றின் அடிவரிகளைப் படித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவது உண்டு. அறிந்த முகம் ஒன்றும் இல்லாத குறையை, அறிய வேண்டியது ஏராளமாக இருக்கிறது என்ற நிறைவாக மாற்றியது இந்த ஒரு உத்திதான்.

தமிழ் வாசகர்கள் நின்று பார்க்கும் ஒரு பெயரும் இந்த உலகில் உண்டு. இன்ஃபெர்னல் ரெலிக்ஸ் பெட்டியில் வரும் ஆகாஷ்பூதா என்ற வில்லி, 200 உயிர்ப்புள்ளிகளோடு, மண்ணும் பாறையும் வேரும் பின்னிய பேருருவாக எழுந்து வருகிறாள். ஆகாயத்தையும் பூதத்தையும் குறிக்கும் வடசொற்கள் இரண்டும் நமக்குப் பழக்கமானவை. ஐம்பூதங்களை எண்ணிப் பழகியவர்களுக்கு, நிலத்தின் உருவத்துக்கு ஆகாயத்தின் பெயர் வைத்திருப்பது கொஞ்சம் இடறும். ஆனாலும் அந்தப் பெயரைச் சீட்டில் முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. எங்கோ மிசௌரியில் எழுதப்பட்ட கதையில் நம் காதுக்குத் தெரிந்த ஒலி ஒன்று இருந்தது.

மூன்றாவது வழி திரை. ஹாண்டலாப்ரா என்ற நிறுவனம் 2014 அக்டோபரில் இந்த ஆட்டத்தின் கணினி வடிவத்தை வெளியிட்டது. கைக்கணினிகளிலும், பிறகு கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்திலும் அது கிடைத்தது. நானும் இந்த வழியில் வந்தவன். ஒரே ஆள் நான்கு ஹீரோக்களையும் தானே ஆடிக்கொள்ளலாம் என்பதால், ஊரில் மேசை விளையாட்டுக் கடையோ ஆடும் நண்பர்களோ இல்லாதவர்களையும் ஆட்டம் அடைந்தது. ஜென் கானுக்குச் செல்ல வாய்ப்பே இல்லாத நாடுகளில் இருந்தவர்கள் வந்து சேர்ந்ததும் பெரும்பாலும் இப்படித்தான்.

இதைவிட முக்கியமான ஒரு வேலையையும் கணினி வடிவம் செய்தது. மேசை ஆட்டத்தின் மிகப் பெரிய தொல்லை கணக்கு. ஒரு ஹீரோ அடிக்கும்போது, லெகசி கூட்டிய ஒரு புள்ளி, களத்தின் சீட்டு கூட்டிய ஒரு புள்ளி, வில்லனின் கவசம் குறைத்த இரண்டு புள்ளிகள், அந்த வகைச் சேதத்துக்கு மட்டும் உள்ள தடை என்று பலவற்றையும் ஒவ்வோர் அடிக்கும் நினைவில் வைத்துக் கூட்டிக் கழிக்க வேண்டும். எட்டுப் பத்து இலக்குகள் களத்தில் இருக்கும்போது ஒவ்வொன்றின் உயிர்ப்புள்ளியையும் தனித்தனியே குறித்து வைக்க வேண்டும். முதல் பதிப்பில் அதற்கான வில்லைகள்கூடப் பெட்டியில் இல்லை. ஆடுகிறவர்கள் தாளும் பென்சிலும், கையில் கிடைத்த பகடைகளும் வைத்துச் சமாளித்தார்கள். 2012இன் மேம்படுத்திய பதிப்பு அட்டை வில்லைகளைக் கொடுத்தது. கணினி வடிவம் கணக்கு முழுவதையும் தானே ஏற்றுக்கொண்டது. முன்பு ஒருமுறை நண்பர் வீட்டில் ஆடிக் கணக்கில் களைத்து விலகியவர்கள் சிலர், திரையில் ஆடிப் பார்த்தபின் ஆட்டத்தின் அழகை உணர்ந்து மேசைக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஆகவே ‘முதலில் எப்போது கண்டீர்கள்’ என்ற கேள்விக்கு இரண்டு விடை சொல்லும் ரசிகர்களும் உண்டு. முதலில் பார்த்த நாள் ஒன்று, பிடித்துப்போன நாள் வேறு.

விலகியவர்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எந்த ஹீரோவின் கட்டு முதலில் கையில் விழுகிறது என்பது தற்செயலுக்கு விடப்பட்டால் முதல் ஆட்டம் பாழாகவும் கூடும். ராவும் ஹாகாவும் எவரும் உடனே ஆடக்கூடியவர்கள். அப்சல்யூட் ஸீரோ அப்படியில்லை. குளிரில் மட்டுமே உயிர்வாழக்கூடிய அந்த மனிதர் தன்னைத்தானே தாக்கிக்கொண்டு, அந்தத் தாக்குதலைத் தன் உடையின் கருவிகளால் எதிரியின்மேல் திருப்புகிறவர். அந்தக் கருவிச் சீட்டுகள் கைக்கு வராத வரை அவரை ஆடுகிறவர் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்க நேரும். விஷனரி எதிரியின் கட்டைப் பார்த்து வரிசை மாற்றுகிறவர். எதிரியின் கட்டில் என்ன இருக்கிறது என்றே அறியாத புதியவருக்கு அந்த ஆற்றலின் மதிப்பு விளங்காது. அதுபோலவே, கடினமான வில்லன்கள் நிறைந்த ரூக் சிட்டி பெட்டியிலிருந்து சேர்மன் என்ற வில்லனை எடுத்து முதல் ஆட்டத்துக்கு வைக்கும் ஆர்வமுள்ள நண்பர், நல்ல எண்ணத்தோடு ஒரு ரசிகரை இழந்துவிடுகிறார். இந்த ஆட்டம் பரவியதில் பெட்டிக்கு இருந்த பங்கைவிட, எதை முதலில் காட்ட வேண்டும் என்று அறிந்த நல்ல வழிகாட்டிகளின் பங்கு பெரிது.

படைத்தவர்களும் வழிகாட்டும் வேலையை விட்டுவிடவில்லை. 2017இல் படெலும் ரெபொட்டாரோவும் தி லெட்டர்ஸ் பேஜ் என்ற ஒலித்தொடரைத் தொடங்கினார்கள். காமிக்ஸ் இதழ்களின் கடைசிப் பக்கங்களில் வரும் வாசகர் கடிதப் பகுதியை நினைவூட்டும் பெயர் அது. ரசிகர்கள் கேள்வி அனுப்புவார்கள். இருவரும் உட்கார்ந்து, இல்லாத அந்த இதழ்களில் என்ன நடந்தது என்று விடை சொல்வார்கள். லயன், முத்து காமிக்ஸ்களின் கடிதப் பகுதிகளை ஆவலோடு படித்தவர்களுக்கு, ஒரு வாசகர் கூட்டம் தன்னைக் கூட்டமாக உணர்வது அந்தப் பக்கத்தில்தான் என்பது தெரியும். ஒரு சீட்டைக்கூடத் தொடாமல் இந்தத் தொடரைக் கேட்டுக் கதையில் ஈர்க்கப்பட்டு, பிறகு பெட்டி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். பத்து ஹீரோக்களோடு தொடங்கிய சீட்டாட்டம் அப்போது தன் கதையாலேயே ஆட்களை அழைத்து வரும் நிலையை அடைந்திருந்தது.

பிறகு வந்த சூப்பர் ஹீரோ சீட்டாட்டங்களோடு ஒப்பிட்டால் இந்த வழியின் தனித்தன்மை இன்னும் தெளிவாகும். ஃபேண்டஸி ஃப்ளைட் 2019இல் வெளியிட்ட மார்வெல் சாம்பியன்ஸ் ஆட்டமும் கூட்டாட்டம்தான். அங்கும் ஹீரோக்கள் ஓரணியில் நின்று, தானாக இயங்கும் வில்லனை எதிர்க்கிறார்கள். ஆனால் முதல் பெட்டியிலேயே ஸ்பைடர்மேன், அயர்ன்மேன், கேப்டன் மார்வெல், ஷீ ஹல்க், பிளாக் பேந்தர் ஆகியோர் இருந்தார்கள். திரையரங்குகளில் மார்வெல் படங்கள் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. 2022 அக்டோபரில் வந்த மார்வெல் ஸ்னாப் கைபேசிக்கென்றே செய்யப்பட்டது. 12 சீட்டுகள், ஆறு சுற்றுகள், சில நிமிடங்களில் முடிந்துவிடும் மோதல். அதைக் கண்டடைய எந்த மேசைக்கும் போக வேண்டியதில்லை. அந்த ஆட்டங்கள் சிறந்தவை; அவற்றை நானும் விரும்பி ஆடுகிறேன். ஆனால் அவற்றில் முதல் நாளை நினைவுகூரும் ரசிகர் பெரும்பாலும் ‘எனக்குப் பிடித்த ஹீரோ இதில் இருந்தார்’ என்று தொடங்குவார். சென்டினல்ஸ் ரசிகர் ‘இவரை எனக்கு முன்பு தெரியாது, இப்போது இவர்தான் எனக்குப் பிடித்தவர்’ என்று சொல்வார்.

2021இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற முற்றிலும் புதிய பதிப்பு வந்தது. 12 ஹீரோக்கள், 6 வில்லன்கள், 6 களங்கள். விதிகளும் சீட்டுகளும் திருத்தி எழுதப்பட்டு, ஓவியங்கள் எல்லாம் புதிதாக வரையப்பட்டிருந்தன. ஒவ்வொரு சீட்டின் ஓவியமும், அது வந்ததாகச் சொல்லப்படும் இதழின் காலத்து ஓவியப் பாணியைப் பின்பற்றியது. பழைய ரசிகர்களுக்கு இது மீண்டும் ஒரு முதல் நாள். ஆகாஷ்பூதாவும் இந்த முறை முதல் பெட்டிக்கே வந்துவிட்டாள். அதே ஆண்டில் நிறுவனம் ஃப்ளாட் ரிவர் குழுமத்தின் கைக்கு மாறியது. 2025 ஏப்ரலில், சீனாவிலிருந்து வரும் பொருள்களுக்கு அமெரிக்க அரசு விதித்த கடும் இறக்குமதி வரியைக் காரணம் காட்டி, அந்தக் குழுமம் கிரேட்டர் தேன் கேம்ஸின் ஊழியர்களில் பெரும்பாலோரை வேலையிலிருந்து நீக்கி, புதிய ஆட்டங்களுக்கான பணிகளை நிறுத்தியது. மேசை விளையாட்டுகளில் பெரும்பகுதி சீனாவில் அச்சாகி வருவதால், அந்த வரி சிறு நிறுவனங்களை முதலில் சாய்த்தது. இந்தச் செய்தி வந்தபோது ரசிகர்கள் அடைந்த வருத்தம், கடை ஒன்று மூடியதற்கான வருத்தத்தைவிட மிகப் பெரிது.

எனினும் ஆட்டத்தைப் புதிதாகக் காண்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கணினி வடிவத்தை இன்றும் ஆடலாம். மேசையில் காண்பதற்கோ, தொடக்கத்தில் இருந்த அதே வழிதான் மீண்டும் வந்திருக்கிறது: பெட்டி வைத்திருக்கும் யாரோ ஒருவர் அழைக்க வேண்டும். பத்தாண்டுக்கு மேலாகப் புழங்கி ஓரங்கள் மழுங்கிய சீட்டுகளை அவர் மேசையில் பரப்புகிறார். லெகசியைத் தானே எடுத்துக்கொண்டு, ராவின் கட்டைக் குலுக்கி எதிரில் இருப்பவரிடம் நீட்டுகிறார். நகரும் பாதுகாப்பு மேடையின்மேல் பத்து என்று எழுதிய வில்லையை வைத்துவிட்டு, வில்லனின் முதல் சீட்டைத் திருப்புகிறார்.